ஒரே பீஸில் தைத்த சட்டை

அன்புள்ள பரணிக்கு,

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு நீ அனுப்பிய படத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே ஸ்லைடில் இரண்டு வட்டம். ஒன்று நீர்த்த பால் மாதிரி, மற்றது எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. அடியில் ஒரு வரி: “அத்தை, ஊர்க்கிணத்துத் தண்ணி. ஓ1 பாசிட்டிவ். காலரான்னு ரிப்போர்ட் போட்டுடவா?”

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வாரத்தில் உனக்குக் கிடைத்த முதல் பாசிட்டிவ். கை எப்படிப் பரபரத்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? போனில் நான் பேசியது கறாராகத்தான் இருந்திருக்கும். எழுத்தில் எதுவும் போகக் கூடாது, சந்தேகம் என்று உன் மேலதிகாரியிடம் வாயால் இப்போதே சொல்லிவிடு, கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல், அந்தக் காலனியை நியூட்ரியன்ட் அகாரில் கோடு இழுத்து வை என்றேன். “ஏன் அத்தை?” என்றாய். தூக்கக் கலக்கத்தில் எனக்குப் பதில் கோவையாக வரவில்லை. உன் அப்பா இன்று மத்தியான பஸ்ஸில் அங்கே வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று, காபி குடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுப்பதென்றால் ஒரே பீஸ்தான். தாத்தா கடைக்குப் போய் நீலக் கோடு போட்ட துணியை மொத்தமாகக் கிழித்து வாங்கி வருவார். தையற்காரர் திண்ணையில் மிஷினைப் போட்டு உன் பெரியப்பாக்கள், உன் அப்பா, மிச்சமிருந்தால் பக்கத்து வீட்டுப் பையன் வரைக்கும் அதே துணியில் சட்டை தைத்துக் கொடுப்பார். ஒரு வருஷம் எவனோ வைக்கோற்போரில் மத்தாப்பைச் செருகிவிட்டான். புகையைப் பார்த்து ஓடி வந்த தாத்தா கண்ணில் பட்டது நீலக் கோடு போட்ட ஒரு முதுகு. எட்டிப் பிடித்து நாலு வைத்தார். வாங்கியவன் உன் அப்பா. மத்தாப்பைச் செருகியது பக்கத்து வீட்டுப் பையன். இன்றைக்கும் உன் அப்பா அதைச் சொல்லிக்காட்டுவான், கேட்டுப் பார்.

கிருமியைத் திரளவைத்து அடையாளம் சொல்கிற உன் சீரமும் தாத்தா மாதிரிதான். அதற்கு முகம் தெரியாது. துணி மட்டும்தான் தெரியும்.

அந்தத் துணி என்ன என்று நீ படித்திருப்பாய். ஆனாலும் சொல்கிறேன், பரீட்சைக்குப் படித்தது ஸ்லைடு முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வராது. காலரா விப்ரியோவின் மேலுறையில் சர்க்கரைச் சங்கிலிகள் மயிர்க்கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதுதான் ஓ ஆன்டிஜென். ஓ1 வகையில் அந்தச் சங்கிலி பெரோசமின் என்ற ஒரே சர்க்கரையை மணிமணியாகக் கோத்தது. ஒகாவா, இனாபா என்று இரண்டு பாட்டில் வைத்துப் பார்க்கிறாயே, அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சங்கிலியின் நுனிச் சர்க்கரையில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருந்தால் ஒகாவா, இல்லாவிட்டால் இனாபா. காலரில் ஒரு பொத்தான் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. சீரம் அதைக்கூடக் கண்டுபிடித்துவிடும், அவ்வளவு கூர்மை. அந்தக் கூர்மையைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். பொத்தானையே பார்க்கிறவனுக்கு ஆளைத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

விப்ரியோ காலரேயில் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஓ வகைகள் உண்டு. பெரிய கொள்ளைநோயாகக் கிளம்பியவை ஓ1, ஓ139 இரண்டுதான். மற்றவை ஆறு, குளம், கழிமுகம் என்று தண்ணீரில் தம்பாட்டுக்குக் கிடக்கும். எப்போதாவது ஒருவருக்கு வயிற்றைக் கெடுக்கும். தொல்லை என்னவென்றால், ஓ1 சட்டையோ அதில் ஒரு துண்டோ விப்ரியோ காலரே அல்லாத உயிர்களிடமும் இருக்கிறது. மால்டா காய்ச்சல் தருகிற புருசெல்லாவின் சங்கிலியும் பெரோசமின்தான், கொஞ்சம் வேறு அலங்காரத்தோடு. அதனால்தான் காலரா ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தம் புருசெல்லா சோதனையில் திரண்டதுண்டு. மாட்டைத் தொட்டே பார்த்திராத ஆளுக்கு மாட்டுக் காய்ச்சல் என்று சீட்டு வந்தால் எப்படி இருக்கும்! இன்னொரு பக்கம், ஏரோமோனாஸ் ட்ரோட்டா என்ற தண்ணீர்க் கிருமி ஓ139 சீரத்தில் திரிகிறது. நமக்கு இன்னும் நெருக்கமானது கடல் விப்ரியோக்களில் ஒரு கூட்டம். ஓ1-இன் உடல் ஆன்டிஜென் காரணிகளை அவையும் பங்கு போட்டுக்கொண்டிருப்பதை ஷிமாடா, சகாசாகி என்ற ஜப்பானியர்கள் 1987 இல் எழுதினார்கள். நம்மைப் போலக் கடலோரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பார்க்கிறவர்கள் மறக்கவே கூடாத கூட்டம் அது.

எனக்கு அது மறக்காத காரணத்தைச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. எந்த லேப் என்பது வேண்டாம். கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவர் ஊரிலிருந்து கிணற்றுத் தண்ணீர் வந்தது. ஆல்கலைன் பெப்டோனில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, டி.சி.பி.எஸ். தட்டில் இழுத்து, மறுநாள் காலை மூடியைத் திறந்தால் பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாக, தட்டையாக, எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளப்போடு காலனிகள். ஆக்சிடேஸ் போட்டேன், ஊதா. சோடியம் டிஆக்ஸிகோலேட் சொட்டில் குழைத்து லூப்பைத் தூக்கினேன், அதிரசப் பாகு கம்பிப் பதத்தில் இழுக்குமே, அப்படி இழுத்தது. பாலிவேலன்ட் ஓ1 சீரத்தில் திரிந்தது. இனாபாவிலும் திரிந்தது. ஒகாவாவில் இல்லை. இதைவிட என்ன வேண்டும்? ‘விப்ரியோ காலரே ஓ1, இனாபா’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போய்விட்டது.

மறுநாள் அந்தக் கிணற்றில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அதற்கு மறுநாள் அந்த ஊர் மீனை ஏலத்தில் எடுக்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதினோராவது நாள் பெரிய ஆய்வகத்திலிருந்து பதில்: விப்ரியோ ஃப்ளூவியாலிஸ்; இனாபா காரணியைப் பகிர்ந்துகொள்ளும் வகை. அதுவும் சாது இல்லைதான், வயிற்றுப்போக்கு தரும். ஆனால் அது காலரா இல்லை, ஊரைக் காலி செய்யாது. அந்தப் பதினோரு நாளில் அந்த ஊரில் ஒருவருக்குக்கூட வாந்திபேதி கிடையாது. அதை நான் விசாரிக்கவே இல்லை.

மறு மாதிரி எடுக்க நானே போனேன். கிணற்றடியில் கூடையோடு நின்ற ஓர் அம்மாள், “எங்க தண்ணியில என்னத்தம்மா கண்டே?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

என்ன செய்திருந்தால் தப்பித்திருப்பேன்? ஒரு ரூபாய் பெறாத ஒரு குழாய். உப்பே சேர்க்காத ஒரு சதவீத டிரிப்டோன். விப்ரியோ காலரே உப்பில்லாமலும் வளரும்; ஃப்ளூவியாலிஸுக்கு உப்பு வேண்டும். மறுநாள் காலை குழாயைத் தூக்கிப் பார்த்தால் கலங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா, அவ்வளவுதான். கூடவே லைசின், ஆர்னிதின், அர்ஜினின் என்று மூன்று குழாய். காலரேக்கு முதல் இரண்டும் ஊதாவாக நிற்கும், அர்ஜினின் மஞ்சளாகிவிடும். ஃப்ளூவியாலிஸுக்கு அப்படியே தலைகீழ். ஆனால் அந்த மூன்றிலும் ஒரு சதவீதம் உப்பு சேர்க்க மறந்தால் உப்பு வேண்டிய உயிர் வளராமலே கிடக்கும், நீ அதைப் பார்த்து ஏதாவது முடிவுக்கு வந்துவிடுவாய். இவை எதுவும் எனக்குத் தெரியாத சோதனைகள் இல்லை. சீரம் இவ்வளவு அழகாகத் திரிந்த பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது உன் ஸ்லைடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வட்டம்தான் இருந்தது, மூன்று இருந்திருக்க வேண்டும். உன்னுடைய பால் வட்டம் ஏற்கெனவே தெரிந்த நெகட்டிவ் கிருமியுடையது என்றாய். நல்லதுதான். ஆனால் சந்தேகப்படுகிற அதே காலனியை வெறும் சலைனில் குழைத்த வட்டம் எங்கே? சில காலனிகள் சர்க்கரைச் சங்கிலியை இழந்து சொரசொரப்பாகியிருக்கும். அவை சீரமே இல்லாமல் சலைனிலேயே தாமாகத் திரண்டுகொள்ளும். முதலில் சலைன் சொட்டில் குழை. சீராகப் பால் மாதிரி நிற்கிறதா என்று அரை நிமிஷம் பார். அதன் பிறகு பக்கத்துச் சொட்டில் சீரத்தைச் சேர்த்து ஸ்லைடை இப்படியும் அப்படியும் சாய். நல்ல திரிதல் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிடும். ரவை மாதிரிக் கட்டிகளும் நடுவில் தெளிந்த தண்ணீரும் தெரியும். மூன்று நிமிஷம் கழித்துச் சொட்டின் ஓரம் காயும்போது வருகிற பொடித் துகளை நம்பாதே. அது காய்ந்த சொட்டு.

இன்னொன்று, மஞ்சள் காலனி வந்த தட்டிலிருந்தே நேராக எடுத்தேன் என்றாய். டி.சி.பி.எஸ்.ஸில் வளர்ந்த காலனி பிசுபிசுப்பாக இருக்கும், சீரத்தோடு சரியாக விளையாடாது. ஆக்சிடேஸும் அதில் ஏமாற்றும். அதற்காகத்தான் ராத்திரியோடு ராத்திரியாக நியூட்ரியன்ட் அகாரில் இழுக்கச் சொன்னேன்.

சட்டைக் குழப்பம் நம் காலத்தில் வந்ததில்லை. குரூபரும் டர்ஹாமும் 1896 இல் கிருமிகள் சீரத்தில் திரள்வதைச் சொன்னதிலிருந்தே இருக்கிறது. அந்தக் காலத்தில் விப்ரியோவை வாலோடு முழுசாக முயலுக்கு ஊசி போட்டு சீரம் எடுப்பார்கள். விப்ரியோவின் அந்த ஒற்றைச் சவுக்குவாலில் இருப்பது எச் ஆன்டிஜென். முழுக் கிருமியில் எடுத்த சீரத்தில் வாலுக்கும் ஆன்டிபாடி, உடம்புக்கும் ஆன்டிபாடி. ஆற்றுத் தண்ணீர் விப்ரியோவை அதில் போட்டால் திரண்டது, காலரா நோயாளியின் விப்ரியோவைப் போட்டாலும் திரண்டது. எது எது என்று தெரியாமல் பல வருஷம் சண்டை போட்டார்கள்.

அதை அவிழ்த்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கார்ட்னரும் கே.வி. வெங்கட்ராமனும். 1935 இல் வெளிவந்த அவர்கள் கட்டுரைதான் இன்றைக்கும் நம் சீரம் பாட்டிலின் அடித்தளம். காலரா கூட்டத்தைச் சேர்ந்த விப்ரியோக்களுக்கு வால் எல்லாருக்கும் பொது. உடல் ஆன்டிஜென்தான் வேறு வேறு. கொள்ளைநோய் விப்ரியோக்கள் முதல் ஓ குழுவில் அடங்குகின்றன என்று பிரித்துக் காட்டினார்கள். ஓ1 என்ற பெயரில் இருக்கிற அந்த ஒன்று அங்கிருந்து வந்தது. கிருமியைக் கொதிக்கவைத்தால் வாலின் ஆன்டிஜென் போய்விடும், சர்க்கரைச் சங்கிலி நிற்கும். அப்படிக் கொதித்ததை வைத்து எடுத்த சீரம் வாலைப் பார்த்து ஏமாறாது. ஓ1 சீரத்தில் திரளாத தண்ணீர் விப்ரியோக்களுக்கு ரொம்ப நாள் ‘திரளாத விப்ரியோ’ என்றே பெயர். அசட்டுப் பெயர். அவற்றுக்குரிய சீரத்தைப் போட்டால் அவையும் ஜோராகத் திரளும்.

அந்த வெங்கட்ராமன் நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தவர் என்பதை உன் வகுப்பில் யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். உன் லேப் அலமாரியில் வி.ஆர். திரவம் என்று சீட்டு ஒட்டிய பாட்டில் இருக்கிறதல்லவா, வெளியூரிலிருந்து மலம் அனுப்ப? வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் இரண்டு பேருடைய முதலெழுத்து அது. லிட்டர் தண்ணீருக்கு இருபது கிராம் கடலுப்பு, ஐந்து கிராம் பெப்டோன், காரத்தன்மை 8.6க்கு மேல். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில், ரயிலில் நாலு நாள் கிடந்து வந்தாலும் விப்ரியோ உயிரோடு இருக்க அது போதும். அவர்கள் அதை எழுதியது 1941 இல். அதே வருஷம் வெங்கட்ராமன் இன்னொரு கட்டுரையிலும் இருக்கிறார்: காலராவே இல்லாத சமயத்திலும் இயற்கை நீர்நிலைகளில் எல் டோர் விப்ரியோ கிடைக்கிறது என்று.

எல் டோர் கதையைப் பார்த்தாயானால் சீரத்தை ஒரேயடியாக நம்பாமல் இருப்பதும் ஆபத்து என்று தெரியும். 1905 இல் காட்ஷ்லிக் என்பவர் சினாயில் எல் டோர் முகாமில், மெக்காவிலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோன யாத்ரீகர்களின் குடலிலிருந்து ஒரு விப்ரியோவை எடுத்தார். காலரா சீரத்தில் திரண்டது. ஆனால் செத்தவர்களுக்குக் காலரா இல்லை. சட்டை மட்டும் காலரா, ஆள் சாது என்று பெரியவர்கள் பலரும் தள்ளிவைத்தார்கள். 1961 இல் இந்தோனேசியாவின் சுலவேசியிலிருந்து அந்த எல் டோர்தான் கிளம்பியது. இன்றைக்கு வரை நாம் அந்த ஏழாவது உலகக் கொள்ளைநோய்க்குள்தான் இருக்கிறோம்.

நான் கண்ணால் பார்த்தது இதற்கு நேர் எதிரானது. 1992 கடைசியில் மெட்ராசில் தொடங்கியது. மதுரையிலும் வேலூரிலும் அதே சங்கதி. நான் அப்போது வேறோர் ஊர் லேபில் உன்னைப் போலச் சின்னவள். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மலம், கண் குழிந்து, விரல் நுனி ஊறப்போட்ட மாதிரி சுருங்கிய ஆட்கள். தட்டில் மஞ்சள் காலனி, பாகு இழுக்கிறது, நுண்ணோக்கியில் எரிநட்சத்திரம் மாதிரிப் பாய்கிறது. ஓ1 சீரத்தில் போட்டால் பால் பாலாகவே நிற்கிறது. என் சீனியர் பாட்டிலை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, “சீரம் கெட்டுப்போச்சும்மா, கரண்ட் போனப்போ ஃபிரிட்ஜில் சூடேறியிருக்கும்” என்று புதுப் பாட்டில் உடைத்தார். அதிலும் திரளவில்லை. பதிவேட்டில் ‘ஓ1 அல்ல’ என்று எழுதி மூடினோம். கொள்ளைநோய்க் காலரா என்றால் ஓ1, ஓ1 இல்லையென்றால் கொள்ளைநோய் இல்லை. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

1993 தொடக்கத்தில் கல்கத்தாவும் வங்கதேசமும் அதே விப்ரியோவால் நிரம்பின. அதுவரை தெரிந்த 138 சீரங்களில் எதிலும் திரளாததால் 139 என்று எண் வைத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையோரம் கிளம்பியதால் ‘பெங்கால்’ என்று பட்டப்பெயர். காலரா அடிக்கடி வருகிற ஊர்களில் பொதுவாகக் குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள்; பெரியவர்கள் உடம்பு ஓ1-ஐப் பார்த்துப் பழகியிருக்கும். இந்த முறை பெரியவர்களும் சரிந்தார்கள். அவர்கள் ரத்தத்திலிருந்த ஆன்டிபாடிகளும் எங்கள் சீரம் மாதிரியே பழைய சட்டையைத்தான் தேடிக்கொண்டிருந்தன. பிறகு மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், ஆள் நம் பழைய எல் டோர். ஓ1 சங்கிலியைக் கட்டுகிற மரபணுத் துண்டு போய், அந்த இடத்தில் வேறொரு துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் துண்டு ஓ22 என்ற வகையினுடையதை மிகவும் ஒத்திருந்தது. ஓ139-உம் ஓ22-உம் ஒன்றன் சீரத்தில் மற்றது திரிவதற்கும் அதுதான் காரணம். கொலைகாரன் சாதுவின் சட்டையை உருவி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

எங்கே வைத்து உருவினான் என்பதற்கு உன் ஊரிலேயே விடை குவிந்து கிடக்கிறது. இறால் கம்பெனி வாசலில் ஓடு மலையாகக் கொட்டியிருக்குமே, அந்த ஓட்டின் கைட்டின். கைட்டின் மேல் ஒட்டி வளரும்போது விப்ரியோ காலரே வெளியில் கிடக்கிற டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று 2005 இல் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து பிளோகெஷும் ஸ்கூல்னிக்கும் கைட்டின் மேல் வைத்தே ஓ1 ஒன்றை ஓ139 ஆக்கிக் காட்டினார்கள். கடலிலும் குளத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிறு ஓட்டுயிர்களின் மேல் விப்ரியோ ஒட்டிக் கிடப்பதால்தான் வங்கதேசத்தில் பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். 2003 இல் வந்த அந்த ஆய்வில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. விப்ரியோ சேலையில் சிக்காத அளவு சிறியது. அது ஏறிவருகிற வண்டி சிக்கிவிடும்.

ஆகவே சட்டை ஒரு கேள்வி, ஆள் யார் என்பது ஒரு கேள்வி, கையில் கத்தி இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. கத்தி என்றால் காலரா நச்சு. கல்கத்தாவில் எஸ்.என். டே முயலின் குடலைக் கட்டி அதை நிரூபித்தது 1959 இல். அந்த நச்சின் மரபணுவைச் சுமந்து வருவது ஒரு வைரஸ் என்று வால்டரும் மெகலனோஸும் 1996 இல் சொன்னார்கள். வைரஸ் ஏறாத ஓ1-உம் தண்ணீரில் உண்டு. சரியான ஆள், சரியான சட்டை, ஆனால் வெறுங்கை. நீ உப்பில்லாத குழாயெல்லாம் போட்டு விப்ரியோ காலரே ஓ1 என்றே உறுதி செய்தாலும், நச்சு மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். பார்க்க மேலே அனுப்பாமல் கதை முடியாது.

“அப்படியானால் நோயாளி மலத்திலும் இத்தனையும் பார்த்துக்கொண்டு உட்காரணுமா?” என்று கேட்பாய். கூடாது. இதுதான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன். கஞ்சித் தண்ணீராகப் போகிற ஆளின் மலத்தில் ஓ1 திரிந்தால் அது அநேகமாகக் காலராவேதான். உடனே போனை எடு. உறுதிச் சோதனைகள் பின்னால் நடக்கட்டும். உப்பு சர்க்கரைக் கரைசலும் டிரிப்பும் உன் தட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீரில் திரிந்தால் கணக்கே வேறு. பேச்சுக்கு, ஆயிரம் தண்ணீர்க் காலனிகளை எடு. அதில் நிஜமான ஓ1 ஒன்று, சட்டை ஒத்துப்போகிற அந்நியர்கள் ஐந்து என்று வைத்துக்கொள். உன் சீரம் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆறையும் பிடித்துக் கொடுக்கும். ஆறில் ஐந்து பொய். சீரம் அதேதான், கை அதேதான், திரிதலும் அதே அழகுதான். காலனி எங்கிருந்து வந்தது என்பதை ஸ்லைடு உனக்குச் சொல்லாது. மாதிரிச் சீட்டைத் திருப்பிப் பார்.

சட்டைப் பொருத்தம் கெடுதல் மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. பிளீசியோமோனாஸ் ஷிகெல்லாய்டிஸ் என்று ஒரு குளத்துக் கிருமி. அதன் ஓ17 வகைக்கும் ரத்தபேதி தருகிற ஷிகெல்லா சோனியைக்கும் ஒரே ஓ ஆன்டிஜென். அழுக்குத் தண்ணீரில் பிளீசியோமோனாஸைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு சோனியையிடமிருந்து பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறதோ என்று 1994 இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். தண்ணீர் சுத்தமாகிற நாடுகளில் மற்ற ஷிகெல்லாக்கள் குறைந்து சோனியை முன்னுக்கு வருவது அதோடு ஒத்துப்போகிறது. அதற்காக யாரும் குளத்துத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லப் போவதில்லை. ஆனால் நம் உடம்புக்குள்ளும் ஒரு தாத்தா நீலக் கோட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

குளோரினுக்கு வருகிறேன். போனில் நீ, “காலரான்னு எழுதினாத்தான் அத்தை பஞ்சாயத்துல அசைவாங்க” என்றாய். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட உன் ஓ1 வேண்டியதில்லை. கோலிஃபார்ம் இருந்தால் போதும், அது நிச்சயம் இருக்கும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு நீயே போய்ப் பார். தினமும் போ. பயமுறுத்தி வேலை வாங்க ‘காலரா’ என்ற சொல்லை ஒரு தடவை செலவு செய்தால், நிஜமாக வரும் வருஷம் உன் கையில் அந்தச் சொல் இருக்காது. அந்தக் கழிமுகத்து ஊரில் அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் மாதிரி தரமாட்டார்கள். நியாயம்தான்.

மேலதிகாரி எழுத்தில் கேட்டால், நீ பார்த்ததை மட்டும் எழுது: ‘டி.சி.பி.எஸ்.ஸில் மஞ்சள் காலனி. ஓ1 பாலிவேலன்ட் சீரத்தில் முதல்நிலைத் திரட்சி. இனம் உறுதி செய்யப்படவில்லை. மறு சோதனை நடக்கிறது. கிணற்றில் குளோரின் போடப் பரிந்துரை.’ அதற்கு அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கூடவே அந்த ஊர் சுகாதார நர்ஸைக் கூப்பிட்டு, கடந்த பத்து நாளில் யாருக்காவது பேதியா என்று கேள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

பையில் முறுக்கோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். என்னுடைய பழைய லூப். பிளாட்டினம் கம்பி, பித்தளைப் பிடி. ஓய்வு பெற்ற அன்று காசு கட்டி வாங்கிக்கொண்டு வந்தது. உங்கள் லேபில் இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தான் என்று தெரியும். இதைச் சுடரில் காட்டிச் சிவந்த பிறகு ஆறும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் காலனி பொசுங்கிவிடும்.

சாயங்காலம் அந்த நியூட்ரியன்ட் தட்டு தயாராக இருக்கும். சலைன் வட்டத்தோடு மறுபடி ஸ்லைடு போடு. அதே காலனியிலிருந்து டிரிப்டோன் குழாய் இரண்டு, ஒன்று உப்பில்லாமல், மற்றது ஒரு சதவீதத்தோடு. நாளைக் காலையில் படம் அனுப்ப வேண்டாம். உப்பில்லாத குழாய் கலங்கியிருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுது. ஐந்தரைக்கே எழுந்துவிடுவேன்.

அன்புடன்,
அத்தை